நாய்க்கு கல்லீரல் சப்ளிமென்ட்: வீட்டில் இருக்கும் மனிதர் கேப்சூலைக் கொடுக்கலாமா?

ரோஸி அப்பா:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ரோஸி லாப்ரடார், 9 வயது, எடை 31 கிலோ. பல் சுத்தம் செய்ய மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருந்ததால், முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை செய்தார்கள். கல்லீரல் செல் பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் ஏறும் ஏ.எல்.டி. என்ற நொதி 268 வந்திருக்கிறது (அந்த லேபின் மேல்வரம்பு 118). ஏ.எல்.பி. என்ற இன்னொரு நொதி 340. கல்லீரல் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் பிலிருபினும் ஆல்புமினும் சரியாகவே இருக்கின்றன. டாக்டர் பல் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு, "லிவர் சப்ளிமென்ட் ஏதாவது ஒரு மாதம் கொடுங்கள், மறுபடி ரத்தம் பார்க்கலாம்" என்றார். எது, எவ்வளவு என்று எழுதித் தரவில்லை.

ரோஸி நன்றாகத்தான் இருக்கிறாள். சாப்பிடுகிறாள், வாந்தி இல்லை. இடுப்பு மூட்டு வலிக்காகப் போன மாதத்திலிருந்து கார்ப்ரோஃபென் எடுக்கிறாள். அது வேறு கிளினிக்கில் கொடுத்தது. அதோடு மீன் எண்ணெய், தினம் ஒரு மல்ட்டிவைட்டமின் மெல்லும் மாத்திரை. சொன்னபடி கேட்டால் பரிசாக உலர்ந்த ஈரல் துண்டுகள்.

வீட்டில் என் அப்பா எடுத்துக்கொள்ளும் "லிவர் டீடாக்ஸ்" கேப்சூல் இருக்கிறது. லேபிளில் மில்க் திசில் என்ற முட்செடியின் விதைச் சாறு, ஆல்ஃபா லிப்போயிக் ஆசிட், கிரீன் டீ சாறு, ஜிங்க் என்று போட்டிருக்கிறது. ரோஸியின் எடைக்கு ஏற்றபடி அரை கேப்சூல் கொடுக்கலாமா? சாப்பாட்டில் கலக்கலாமா? எப்போது நிறுத்துவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

டைகர் அண்ணன்:

சகோ, பயப்படாதீர்கள். எங்கள் டைகருக்கு மில்க் திசில் ரொம்ப நாளாகக் கொடுக்கிறேன், எந்தப் பிரச்சினையும் இல்லை. எல்லாம் செடியிலிருந்து எடுப்பதுதானே. மனிதருக்குப் பாதி, நாய்க்குக் கால் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஈரலும் நிறையக் கொடுங்கள், ஈரலுக்கு ஈரல் நல்லது என்பார்கள்.

மருந்தறை அக்கா:

தம்பி, அந்த டீடாக்ஸ் கேப்சூலை ரோஸிக்குக் கொடுக்க வேண்டாம். அரை அல்ல, கால்கூட வேண்டாம். நான் கால்நடை மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் அறையில் வேலை பார்க்கிறேன். டாக்டர் இல்லை. ஆனால் இந்தக் கேள்வியோடு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். நீங்கள் போகிற போக்கில் எழுதிய கார்ப்ரோஃபென்தான் என் கண்ணில் முதலில் பட்டது. ரத்தம் பார்த்த டாக்டருக்கு அது தெரியுமா? வேறு கிளினிக்கில் கொடுத்தது என்கிறீர்கள், அதனால் கேட்கிறேன். பெரும்பாலான நாய்களுக்கு அந்த மருந்து ஒத்துக்கொள்ளும், வலியோடு நடக்கும் எத்தனையோ நாய்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் சில நாய்களின் கல்லீரலை அது தாக்கும். எந்த நாய்க்கு அப்படி ஆகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. ஆகும்போது பெரும்பாலும் மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களுக்குள் ஆகும். ரோஸி இப்போது சரியாக அந்தக் கட்டத்தில் இருக்கிறாள். 1998-ல் வெளியான ஓர் ஆய்வறிக்கையில் இப்படிப் பாதிக்கப்பட்ட 21 நாய்களைப் பற்றி எழுதியிருந்தார்கள். அதில் 13 லாப்ரடார். லாப்ரடார் வளர்ப்பவர்களும் அதிகம், அந்த இனத்துக்கு மூட்டு வலியும் அதிகம் என்பதால், இனத்தையே குற்றம் சொல்லிவிட முடியாது. ஆனாலும் உங்கள் நிலைமையில் இதைக் கேட்காமல் விடக் கூடாது.

இன்றே ஃபோன் போடுங்கள். "கார்ப்ரோஃபென் எடுக்கிறாள், ஏ.எல்.டி. 268, அடுத்த வேளை கொடுக்கலாமா?" என்று கேளுங்கள். அவர்கள் பதில் சொல்லும்வரை அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் இருங்கள். ஸ்டீராய்டு மாதிரி இதைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டியதில்லை. காரணம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும்போது மேலே எத்தனை சப்ளிமென்ட் கொடுத்தாலும் கல்லீரல் தேறாது.

சரி, கேப்சூலுக்கு வருகிறேன். அதில் இருக்கும் ஆல்ஃபா லிப்போயிக் ஆசிட் நாய்களுக்கு ஆபத்து. அளவு கூடினால் ரத்தச் சர்க்கரை இறங்கும், வலிப்பு வரும், கல்லீரலே பாதிக்கப்படும். மனிதர் மாத்திரையில் இருக்கும் மில்லிகிராம் மனித உடம்புக்குக் கணக்கிட்டது. கிரீன் டீ சாறும் அப்படித்தான். காய்ந்த இலையைக் கொதிக்க வைத்துக் குடிப்பது வேறு, அதைச் சுண்டவைத்துச் செறிவாக்கிய சாறு வேறு. வெறும் வயிற்றில் இருந்த நாய்களுக்கு இதைக் கொடுத்த ஆய்வில் கல்லீரல் உட்பட உறுப்புகள் மோசமாகக் கெட்டன. ஜிங்க் கல்லீரலில் செம்பு சேரும் நோய்க்குக் கொடுப்பதுதான். ஆனால் அது டாக்டர் ரத்தத்தில் ஜிங்க் அளவைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்கும் மருந்து. அதிகமானால் சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

இன்னொன்றும் பாருங்கள். மனிதருக்கான மெல்லும் மாத்திரை, கம்மி, சிரப் எதுவாக இருந்தாலும் லேபிளில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். சில லேபிள்களில் பிர்ச் சர்க்கரை என்ற பெயரில் இருக்கும். நாய்க்கு அது விஷம். சர்க்கரை தடாலென்று இறங்கும், அளவு கூடினால் கல்லீரலே செயலிழந்துபோகும்.

டைகர் அண்ணன் சொன்னது பற்றி, கோபித்துக்கொள்ள வேண்டாம். செடி என்பதால் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது. காம்ஃப்ரி, காவா, பென்னிராயல் எண்ணெய் மூன்றும் செடிதான், மூன்றும் கல்லீரலைக் கெடுப்பவை. ஈரல் விஷயத்தில் அதைவிட அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஈரலில் செம்பும் வைட்டமின் ஏ-வும் கொட்டிக் கிடக்கின்றன. சில நாய் இனங்களுக்குச் செம்பைப் பித்தநீரில் வெளியேற்றும் திறன் குறைவு, அது கல்லீரலிலேயே தேங்கி அழற்சியை உண்டாக்கும். பெட்லிங்டன் டெரியர், டோபர்மேன், டால்மேஷியன், வெஸ்ட் ஹைலாண்ட் டெரியர், அப்புறம் லாப்ரடார். ரோஸிக்கு அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. காரணம் தெரியும்வரை உலர்ந்த ஈரல் துண்டுகளையும் அந்த மல்ட்டிவைட்டமினையும் நிறுத்தி வையுங்கள் என்கிறேன். மல்ட்டிவைட்டமின் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் அதிலும் செம்பு இருக்கும். மீன் எண்ணெய் பற்றி எனக்குக் கவலை இல்லை.

நாய்களுக்குக் கல்லீரலுக்காக டாக்டர்கள் வழக்கமாக எழுதுவது இரண்டு. ஒன்று எஸ்-அடினோசில் மெத்தியோனைன், சுருக்கமாக சாமி. கல்லீரல் செல்லுக்குள் குளுட்டாதயோன் என்ற காப்புப் பொருளை இது கூட்டுகிறது. கிலோவுக்குச் சுமார் 20 மில்லிகிராம், நாளுக்கு ஒரு முறை. இரண்டாவது சிலிபின், மில்க் திசிலில் இருந்து எடுப்பது. இதில்தான் பலர் குழம்புகிறார்கள். விதைப் பொடி, விதையிலிருந்து பிரித்த சிலிமாரின் (சிலிபினும் அடங்கிய கலவை), பாஸ்ஃபோலிப்பிட் என்ற கொழுப்போடு சேர்த்த சிலிபின் மூன்றுக்கும் ஒரே மில்லிகிராம் கணக்கு கிடையாது. கடைசி வகை உடம்பில் நன்றாகச் சேரும், அதனால் அளவு மிகக் குறைவு. சாதாரண விதைப் பொடியில் சிலிமாரின் எவ்வளவு என்று பல லேபிள்கள் சொல்வதே இல்லை. "பாதி, கால்" என்று கணக்குப் போட்டால் ஒன்று போதாமல் போகும், இல்லையென்றால் தேவையில்லாததும் சேர்ந்து போகும். நாய்க்கென்றே தயாரித்தது, ஒவ்வொரு பொருளின் அளவும் தனித்தனியாக எழுதியிருப்பது, டாக்டர் பெயர் சொல்லி எழுதியது என மூன்றும் இருந்தால் வாங்குங்கள்.

உர்சோடியால் என்று யாராவது சொன்னால் அது சப்ளிமென்ட் கணக்கில் வராது, பித்தநீர் ஓட்டத்தைக் கூட்டும் மருந்து. பித்தநீர்ப் பாதை அடைத்திருக்கும் நாய்க்கு அதைக் கொடுக்கவே கூடாது. ஸ்கேன் பார்க்காமல் நீங்களாகத் தொடங்காதீர்கள்.

கண்ணின் வெள்ளையோ ஈறோ மஞ்சளாகத் தெரிந்தால், சாப்பாட்டை ஒதுக்கினால், வாந்தி எடுத்தால், மலம் கருப்பாகப் போனால், வயிறு உப்பினால், குழம்பிய மாதிரி வட்டமாகச் சுற்றினால், தலையைச் சுவரில் அழுத்தினால், ஒரு மாதம் காத்திருக்காதீர்கள். அன்றே கூட்டிப் போங்கள்.

டைகர் அண்ணன்:

அக்கா, கோபம் இல்லை. ஈரல் விஷயம் எனக்குத் தெரியாது, இன்றிலிருந்து குறைத்துவிடுகிறேன். ஆனால் ஒரு கேள்வி: அப்படியானால் இந்த சப்ளிமென்ட்டால் உண்மையிலேயே பலன் உண்டா? டைகருக்குச் சும்மா கொடுத்துக்கொண்டிருக்கிறேனா?

மருந்தறை அக்கா:

நல்ல கேள்வி அண்ணே. பலன் இருக்கிறது, ஆனால் எல்லா நோய்க்கும் ஒரே அளவு சான்று இல்லை. கொடிய காளான் விஷம் கொடுக்கப்பட்ட பீகிள் நாய்களில் சிலிபின் கல்லீரலைக் காத்தது பல காலம் முன்பே தெரிந்த விஷயம். லோமுஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து எடுக்கும் நாய்களுக்கு சாமியும் சிலிபினும் சேர்த்துக் கொடுத்தபோது ஏ.எல்.டி. ஏற்றம் குறைவாக இருந்தது, அது 2011-ல் வந்த ஆய்வு. பாராசிட்டமால் விஷமாகிப் போன நாய்களுக்கும் சாமியைத் துணையாகக் கொடுக்கிறார்கள் (அங்கே முதல் மருந்து அசிட்டைல்சிஸ்டீன்). ஆனால் "வயதாகிவிட்டது, எதற்கும் இருக்கட்டும்" என்று நலமாக இருக்கும் நாய்க்கு வருடக்கணக்கில் கொடுப்பதற்கு அந்த மாதிரி சான்று கிடையாது.

டைகருக்கு எதற்காகத் தொடங்கினீர்கள், கடைசியாக ரத்தம் எப்போது பார்த்தீர்கள் என்று யோசியுங்கள். வேறு மருந்து ஏதாவது எடுக்கிறானென்றால் டாக்டரிடம் மில்க் திசில் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். கல்லீரல் சில மருந்துகளை உடைக்கும் வேகத்தை அது மாற்றக்கூடும்.

ரோஸி அப்பா:

அக்கா, ரொம்ப நன்றி. ஃபோன் போட்டேன். கார்ப்ரோஃபென் எடுப்பது ரத்தம் பார்த்த டாக்டருக்குத் தெரியவில்லை. உடனே நிறுத்தச் சொன்னார். சாமியும் சிலிபினும் சேர்ந்த நாய் மாத்திரையை எடைக்கு ஏற்றபடி எழுதியும் கொடுத்தார். வலி திரும்பி வந்தால் டிராமடால் பார்க்கலாம் என்றார்.

இப்போது சிக்கல் மாத்திரை கொடுப்பதில். வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டுமாம், உடைக்கக் கூடாதாம். ரோஸிக்கு நான் எப்போதும் சாப்பாட்டுக்குள் ஒளித்துத்தான் கொடுத்துப் பழக்கம். காலையில் சாப்பாடு தாமதமானால் மஞ்சள் நுரையாக வாந்தி எடுப்பாள். என்ன செய்வது?

புரூனோ அம்மா:

இதில் நான் பழுத்த அனுபவஸ்தி, அதனால் சொல்கிறேன். எங்கள் புரூனோவுக்கு வலிப்பு நோய். ஃபீனோபார்பிடாலோடு சாமி மாத்திரையும் நீண்ட காலமாக எடுக்கிறான்.

மாத்திரையின் மேலுறை வயிற்று அமிலத்தில் கரையாமல் குடலுக்குப் போய்க் கரைவதற்காகப் போட்டது. உடைத்தால், பொடித்தால் அந்த வேலை கெட்டுப்போகும். அட்டையிலிருந்து பிரித்துவிட்டுத் தட்டில் வைத்திருக்கவும் கூடாது, ஈரக்காற்றில் கெட்டுவிடும். வாரத்துக்கான மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் அடுக்கி வைக்கும் பழக்கம் இருந்தால் இதை மட்டும் விட்டுவிடுங்கள்.

நான் செய்வது இதுதான். விடிந்ததும் முதல் வேலையாக மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பாடு. தலையை ரொம்ப நிமிர்த்தாமல், மேல்தாடையைப் பிடித்து, நாக்கின் பின்பக்கம் மாத்திரையை வைத்து வாயை மூடுவேன். மூக்கில் லேசாக ஊதினால் விழுங்கிவிடுவான். உடனே ஊசி இல்லாத சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீரைக் கன்னத்தின் ஓரமாக மெதுவாக விடுவேன். தண்ணீர் கட்டாயம். இல்லாவிட்டால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். கையால் கொடுக்க முடியாது என்றால் கடலை அளவுக்கு மென்மையான எதையாவது சுற்றிக் கொடுக்கலாம் என்று எங்கள் டாக்டர் விட்டார். முழுச் சாப்பாட்டில் புதைப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

மஞ்சள் நுரை எங்களுக்கும் இருந்தது. இரவு படுக்கும் முன் சின்னதாக ஒரு வேளை சாப்பாடு கொடுக்க ஆரம்பித்த பிறகு நின்றுவிட்டது. அப்படியும் எடுத்தால் மாத்திரையை மாலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவில் நல்ல இடைவெளி கிடைக்கும்.

ஃபீனோபார்பிடால் எடுக்கும் நாய் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏ.எல்.பி. ஏறியிருப்பதைப் பார்த்துவிட்டு வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அந்த மருந்து எடுக்கும் நாய்களுக்குக் கல்லீரல் கெடாமலேயே அந்த எண் ஏறும். திடீரென நிறுத்தினால் நிற்காத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும். ஆல்புமின், பிலிருபின், பித்த அமிலப் பரிசோதனை எல்லாம் பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார்.

மருந்தறை அக்கா:

புரூனோ அம்மா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. இரண்டு விஷயம் மட்டும் சேர்க்கிறேன்.

தம்பி, டிராமடால் பேச்சு வந்தால் "ரோஸி சாமி எடுக்கிறாள்" என்று அந்த இடத்திலேயே சொல்லுங்கள். இரண்டுமே மூளையில் செரட்டோனின் பக்கம் வேலை செய்பவை, சேர்த்துக் கொடுப்பதா என்று டாக்டர் யோசித்து முடிவெடுக்க வேண்டும். பதற்றம், நடத்தைச் சிக்கல் போன்றவற்றுக்குக் கொடுக்கும் ஃப்ளூவாக்ஸடின், க்ளோமிப்ரமின், செலிஜிலின் எடுக்கும் நாய்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

இன்னொன்று, இப்போது வேறு புதிது எதையும் சேர்க்காதீர்கள். வைட்டமின் ஈ நல்லது, அது நல்லது, இது நல்லது என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். ஒரே நேரத்தில் நான்கைத் தொடங்கினால், நாளை வயிற்றுப்போக்கு வந்தாலும் எதனால் என்று தெரியாது, எண் இறங்கினாலும் எதனால் என்று தெரியாது. வைட்டமின் சி-யைத் தனியாகக் கொடுக்க வேண்டாம். செம்பு தேங்கிய கல்லீரலில் அது கேட்டைக் கூட்டக்கூடும்.

ரோஸி அப்பா:

நான்கு வாரம் முடிந்து ரத்தம் பார்த்தோம். ஏ.எல்.டி. 112, ஏ.எல்.பி. 205. மாத்திரை முதல் சில நாட்கள் போராட்டமாக இருந்தது. சிரிஞ்சுத் தண்ணீர் உத்தி கைகொடுத்தது, இரவு சின்னச் சாப்பாட்டுக்குப் பிறகு நுரை வாந்தியும் இல்லை. மூட்டு வலிக்கு டிராமடால் வேண்டாம் என்று முடிவு செய்து கபாபென்டின் கொடுத்திருக்கிறார், எடையை இரண்டு கிலோ குறைக்கவும் சொன்னார். கார்ப்ரோஃபென் இனி கூடாது என்று ஃபைலின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிவிட்டார்.

இனி சப்ளிமென்ட்டை நிறுத்தலாமா?

மருந்தறை அக்கா:

மனசு நிறைந்தது தம்பி. இறங்கிய விதத்தைப் பார்த்தால் கார்ப்ரோஃபெனாக இருக்க வாய்ப்பு அதிகம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ரத்தத்தில் ஏ.எல்.டி.யின் ஆயுள் சில நாட்கள்தான். அடிபடுவது நின்றால் சில வாரங்களில் எண் இறங்கிவிடும். ஏ.எல்.பி. இன்னும் மெதுவாகத்தான் வரும். வயதான நாய்களில் அதற்குக் கல்லீரல் தவிர வேறு காரணங்களும் உண்டு. தண்ணீர் அதிகம் குடிக்கிறாளா, சிறுநீர் அதிகம் போகிறாளா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் குஷிங் நோய் (உடம்பில் கார்ட்டிசால் ஹார்மோன் அதிகமாவது) பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

நிறுத்துவதை டாக்டர் சொல்லட்டும். எங்கள் மருத்துவமனையில் எண் இயல்புக்கு வந்த பிறகும் கொஞ்ச காலம் தொடர்ந்துவிட்டு, நிறுத்தி, சில வாரம் கழித்து மாத்திரை இல்லாமலேயே ஒரு முறை ரத்தம் பார்ப்பார்கள். அந்தக் கடைசிப் பரிசோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதுதான் முக்கியம். மாத்திரை இல்லாதபோதும் எண் அப்படியே நின்றால் பழைய காரணம் போய்விட்டது என்று நம்பலாம். மறுபடி ஏறினால் சப்ளிமென்ட்டைத் திரும்பத் தொடங்கிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. பித்த அமிலப் பரிசோதனை, ஸ்கேன், தேவைப்பட்டால் பயாப்சி (கல்லீரலில் சின்னத் துணுக்கு எடுத்துப் பார்ப்பது) வரைக்கும் போக வேண்டும். கல்லீரலில் செம்பு எவ்வளவு என்பது பயாப்சியில்தான் தெரியும், சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரியாது. லாப்ரடார் என்பதால் இதை மறக்காமல் எழுதி வையுங்கள்.

பல் வேலைக்கு நாள் குறித்தால், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் சப்ளிமென்ட், கபாபென்டின், மீன் எண்ணெய் மூன்றின் பெயரையும் அளவையும் எழுதிக் கொடுங்கள். அன்று காலை பட்டினி போடச் சொல்வார்கள். அந்த வேளை மாத்திரையைக் கொடுப்பதா விடுவதா என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.